அழுகும் சாட்சி

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் காலை ஏழு மணியளவில் மீன் வாங்க வந்து நிற்கும் ஒரு மூதாட்டியைச் சற்றே விலகி நின்று கவனிப்பவருக்கு, தருக்க நூலார் பிரத்தியட்சப் பிரமாணம் என்று எதனைக் கூறினார்களோ அதன் இலக்கணம் வேறு விரிவுரை வேண்டாமலே விளங்கிவிடும். முதலிலே அவர் மீனின் கண்ணைப் பார்க்கிறார். அது திரண்டு தெளிந்திருக்கிறதா, குழிவிழுந்து பால் படர்ந்திருக்கிறதா என்பது அவருடைய முதலாவது விசாரணை. பிறகு ஒற்றை விரலால் செவுளைத் தூக்கி, உள்ளே இரத்தச் சிவப்பு நிற்கிறதா, செங்கல் தூள் போல மங்கிவிட்டதா என்று நோக்குகிறார். அப்பால் பெருவிரலால் முதுகுச் சதையில் ஓர் அழுத்து; அழுத்திய குழி மேலெழாமல் அப்படியே கிடந்தால் அந்த மீனுக்கும் அவருக்கும் இனிப் பேச்சில்லை. "விடியப்புறம் வந்த மீன், அம்மா" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லும்போது, "விடியப்புறம் வந்தது மீனோ, லொறியோ?" என்று அவர் திருப்பிக் கேட்கும் கேள்வியிலே இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய விஞ்ஞானத்திற் பாதி அடங்கிக் கிடக்கிறது.

ஒரு மீனுக்கு இரண்டு வயது உண்டு. கடலிலே அது வாழ்ந்த காலம் ஒன்று. இறந்த பின் அது கடந்து வந்த காலம் மற்றொன்று. சந்தையிலே மதிக்கப்படுவது இந்த இரண்டாவது வயதே. முகத்துவாரம் பக்கத்துச் சிறு படகுகளிலிருந்து இறங்கிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும் மீனுக்கு அந்த வயது சில மணி நேரமாக இருக்கலாம். ஆழ்கடலிலே வாரக்கணக்கில் நின்று பிடித்துத் திரும்பும் பலநாட் படகின் ஐஸ் அறையில், மற்ற மீன்களின் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு அடியிலே கிடந்த சூரைக்கு அது மூன்று வாரத்தையும் தாண்டியிருக்கலாம். பேலியகொடை மத்திய மீன் சந்தையிலே இரண்டும் ஒரே விளக்கொளியில் பக்கத்திற் பக்கமாகக் கிடந்து பளபளக்கும். வெள்ளிக்கிழமையிலே இறைச்சியைத் தவிர்த்து மீனை நாடும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும், அதே வெள்ளிக்கிழமையிலே மீனையும் சேர்த்து விலக்கும் சைவக் குடும்பங்கள் வெள்ளவத்தையிலுமாக ஒரே நகரத்திற் குடியிருக்கும்போது, வியாபாரி ஐஸ் வாங்குவதற்கு முன் பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை புரட்டத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட சந்தைகளுக்கு, விலை பேசாமலே மீனை எடுத்துச் செல்லும் வாடிக்கையாளர் ஒருவரும் எப்போதாவது வருவதுண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர், ஊரார் பீ.எச்.ஐ. என்பார்கள். 1949ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்தை அகற்றி அதனிடத்தில் வந்த 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், கடைக்குள்ளே பிரவேசிக்கவும், பண்டத்தைப் பரிசோதிக்கவும், மாதிரி எடுக்கவும், மனிதர் உண்ணத் தகாததென்று காண்பதைக் கைப்பற்றித் தடுத்துவைக்கவும் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. அவருக்குப் பின்னே சுகாதார வைத்திய அதிகாரியும், ஆய்வுகூடத்திலே பகுப்பாய்வாளரும், வழக்கு மேடையிலே நீதவானும் நிற்கிறார்கள். தனி மனிதன் ஒருவன் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சொத்தை, ஒரு நஷ்டஈடும் கொடாமல் அரசாங்கம் எடுத்துச் சென்று மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிடலாம் என்பது, சிந்தித்துப் பார்த்தால், சாமானியமான அதிகாரமல்ல.

அந்த அதிகாரத்தின் பூர்வோத்தரம் இலண்டன் வரை போகிறது. முதலாம் யேம்ஸ் மன்னன் 1604இல் வழங்கிய சாசனத்தின் பலத்தால், மீன் வணிகர் சங்கத்தின் பரிசோதகர்கள் பில்லிங்ஸ்கேற் சந்தையிலே கெட்ட மீனைக் கழித்து ஒதுக்கிவந்தார்கள். பிற்காலத்தில் 1875ஆம் ஆண்டு ஒன்றிலேயே இங்கிலாந்து இரண்டு சட்டங்களை இயற்றிற்று. பொதுச் சுகாதாரச் சட்டம், கெட்டுப்போன இறைச்சியையும் மீனையும் அதிகாரி கைப்பற்றி நீதவானுக்கு முன் கொண்டுபோய் வைக்கவேண்டும், அவர் பார்த்து உடன்பட்டால் அழித்துவிடவேண்டும் என்றது. உணவு, மருந்து விற்பனைச் சட்டமோ மாதிரியை மூன்று கூறாக்கி, ஒன்றை விற்றவனிடத்திலும், ஒன்றைப் பகுப்பாய்வாளரிடத்திலும் கொடுத்து, மூன்றாவதைப் பின்னால் எழக்கூடிய தகராறுக்கென்று முத்திரையிட்டு வைக்கவேண்டும் என்றது. முன்னதை மூக்கின் சட்டம் என்றும் பின்னதைத் தராசின் சட்டம் என்றும் நான் எனக்குள் அழைத்துக்கொள்வதுண்டு. முன்னதிலே நீதவானும் தம் நாசியைக் கொண்டே நியாயம் வழங்கினார். பின்னதிலே அவர் ஒரு காகிதத்தை வாசித்து வழங்கினார்.

ஆங்கில ஆட்சி பரவிய தேசங்களின் உணவுச் சட்டங்கள் அநேகமாக இவ்விரண்டின் சந்ததிகளே. நீர் கலந்த பாலுக்கும், செங்கல் தூள் கலந்த மிளகாய்த் தூளுக்கும் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்திற்று. மிளகாய்த் தூள் முத்திரைக்குள்ளே ஆறு மாதம் கிடந்தாலும், வழக்கு அழைக்கப்படும் நாளில் முதல் நாள் சொன்னதையே சொல்லும். மீன் அப்படியல்ல. கைப்பற்றிய காலையில் ஒரு பொருளாகவும், மத்தியானம் வேறொரு பொருளாகவும், மறுநாள் எவரும் அணுகவொண்ணாத மூன்றாவது பொருளாகவும் அது மாறிக்கொண்டே போகிறது. "என் கடையில் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது, உங்கள் வாகனத்தில் ஏறிய பின்தான் கெட்டது" என்று வியாபாரி வாதாடினால், அதனை அபத்தம் என்று தள்ளிவிட முடியாதபடி இரசாயன சாஸ்திரமே அவருக்குத் துணையாக வந்து நிற்கிறது. சாட்சிக் கூண்டிலே ஏறுவதற்குள் சாட்சியே அழுகிவிடுகிற வழக்கு இது.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆட்டிறைச்சி ஒரு பகல் தாங்கும் வெயிலில் மீன் ஏன் சில நாழிகை தாங்கவில்லை? வலையிலும் தூண்டிலிலும் உயிருக்குப் போராடும் மீன், தன் தசையிலே சேமித்திருந்த மாச்சர்க்கரையைச் செலவழித்துவிட்டே சாகிறது. சாந்தமாக அறுக்கப்பட்ட விலங்கின் தசையில் அந்தச் சர்க்கரை பால் அமிலமாக மாறிக் கிருமிகளை ஓரளவு தடுத்து நிறுத்தும். மீனிலே அந்த அமிலம் போதிய அளவு பிறப்பதில்லை. அதன் தசை இழைகளைக் கட்டிவைத்திருக்கும் சவ்வும் மெல்லியது. இவற்றுக்கு மேலே, உப்புக் கடலின் அழுத்தத்தை ஈடுசெய்வதற்காகக் கடல் மீன்கள் தம் உடலில் திரைமெதில் அமைன் ஒட்சைட்டு என்ற ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்கு நாற்றமில்லை. மீன் இறந்ததும் கிருமிகள் அதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொள்ள, எஞ்சுவது திரைமெதில் அமைன். மீன் நாற்றம் என்று உலகம் முழுவதும் முகத்தைச் சுளிக்கிறதே, அது பெரும்பாலும் இதுதான். அமைன் காரகுணமுடையதாதலால் புளியின் அமிலம் அதனை உப்பாக்கி, ஆவியாக எழவிடாமற் பிடித்துவைக்கிறது. மீன் குழம்புக்குப் பழப்புளி கரைத்த நம் பாட்டிமார் சுவைக்காக மாத்திரம் கரைக்கவில்லை போலும். இங்கே நமக்கு அனுகூலமான ஒரு விசித்திரமும் உண்டு. வெப்பக் கடலின் மீன்மேல் வாழும் கிருமிகள் சூட்டுக்குப் பழகியவை. குளிரிலே அவை செயலற்றுப்போகும். ஆதலால் வட கடல் மீனைக் காட்டிலும் நம் மீன் ஐஸிலே அதிக நாள் நிற்கும், அந்த ஐஸ் பிடித்த வேளையிலேயே இடப்பட்டிருக்குமானால்.

இதுவரை சொன்னதெல்லாம் மூதாட்டியின் ஆட்சிக்குட்பட்ட இராச்சியம். அவர் மூக்கு திரைமெதில் அமைனை மிக நுண்ணிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். அந்த வகையில் எந்த ஆய்வுகூடமும் அவரைக் குறைத்து மதிக்க நியாயமில்லை. அவருடைய மூக்குக்கு எட்டாத இராச்சியம் இனித்தான் வருகிறது.

சூரை, கெலவல்லா முதலான செஞ்சதை மீன்கள் சமுத்திரத்தை ஓயாமற் கடந்து நீந்துபவை. அவற்றின் தசையிலே ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் கட்டற்று மிகுதியாக இருக்கிறது. மீன் சூட்டிலே கிடக்கும்போது, மோர்கனெல்லா முதலிய சில கிருமிகள் ஒரு நொதியத்தைச் சுரந்து, இந்த ஹிஸ்டிடினிலிருந்து கரியமில வாயுவைக் கழற்றிவிட்டு, அதனை ஹிஸ்டமின் ஆக்கிவிடுகின்றன. ஹிஸ்டமின் நமக்கு அந்நியமான பொருளன்று. ஒவ்வாமையினால் தேகம் தடிக்கும்போது நம் உடலே வெளிவிடுவதும் அதுவே. அதனையே தட்டிலிட்டு உண்டால், பத்து நிமிஷத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் கனன்று சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், தோல் தடிக்கும், வயிற்றோட்டமும் வரலாம். நாக்கிலே மிளகு பட்டாற்போன்ற ஒரு சுரீர் உணர்வைச் சிலர் முன்னரே சொல்வதுண்டு. மிளகுத் தூளோடு சமைக்கும் வீட்டிலே அந்த எச்சரிக்கையை யார் கேட்கப்போகிறார்கள்? யாழ்ப்பாணத்தார் சூரையைக் கிரந்தி மீன் என்று ஒதுக்கிப் புண்ணுள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுக்க மறுத்த வழக்கத்தின் அடியிலே, தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த இந்த அனுபவம் ஒரு பங்காவது இருக்கக்கூடும். "எனக்கு மீன் ஒத்துவராது" என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிற் சிலருக்கு மீன் ஒத்துக்கொள்ளும். ஒரு நாள் உண்ட ஒரு மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பொருளின் கொடுமை யாதெனில், அது உருவான பின் நெருப்புக்கும் அஞ்சாது. பொரித்தாலும், குழம்பு கொதித்தாலும், தகரத்தில் அடைத்து ஆவியில் வேகவைத்தாலும் கிருமி சாகும், ஹிஸ்டமின் சாகாது. தென்னிலங்கையார் கொறக்காப்புளி சேர்த்து வற்றச் சமைக்கும் அம்புல் தியல் பல நாள் கெடாமல் இருப்பது உண்மை; கொறக்காவின் கடுமையான அமிலம் கிருமியையும் அதன் நொதியத்தையும் அடக்குகிறது. அதனால் புதிதாக ஹிஸ்டமின் பிறப்பது தடைப்படும். பானையில் இடுமுன்னரே பிறந்துவிட்டதை எந்தப் புளியாலும் பிறவாததாக்க முடியாது.

இவ்விடத்திலே கொழும்பு மருத்துவ வரலாற்றுக்குரிய ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று சொல்லவேண்டும். இலங்கை வைத்திய வரலாற்றை எழுதியவராகப் பின்னாளிற் பலருக்கும் அறிமுகமான சி. ஜி. ஊறகொட, நெஞ்சுநோய் வைத்தியர். காசநோய்க்கு ஐசோனியசிட் என்னும் மருந்தை உட்கொண்டுவந்த நோயாளர் சிலர், மீன் சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள்ளே தலையிடியும் முகச்சிவப்பும் படபடப்புமாகத் துன்புற்றதை அவர் கவனித்தார். மருந்தின் பாதகமென்று அதனை நிறுத்திவிடுவது எளிது. நிறுத்தினால் காசநோய் மீண்டும் தலைதூக்கும். அவரும் மருந்தியற் பேராசிரியர் கொட்டேகொடவும் சேர்ந்து 1977இல் வெளியிட்ட கட்டுரை, குற்றவாளி மருந்து மாத்திரமுமன்று, மீன் மாத்திரமுமன்று, இரண்டும் கூடியதே என்று காட்டிற்று. நம் குடலிலே ஹிஸ்டமினைச் சிதைத்துக் கழிக்கும் நொதியம் ஒன்று காவற்காரனைப் போல இருக்கிறது. ஐசோனியசிட் அந்தக் காவற்காரனின் கையைக் கட்டிவிடுகிறது. ஆகவே சாதாரண மனிதனைச் சற்றே தொட்டுவிட்டுப் போகக்கூடிய மீன், இவர்களைப் படுக்கையிலே சாய்த்துவிட்டது. 1980இல் ஊறகொட இவ்விஷயத்தைப் பற்றி மறுபடியும் எழுதினார். காசநோய் மருந்து தருபவர் சூரை இன மீனைப் பற்றி நோயாளரை எச்சரிக்கவேண்டும் என்ற குறிப்பு உலக மருந்து நூல்களில் இடம்பெற்றதற்குப் பின்னால் இந்தத் தீவின் சாப்பாட்டுத் தட்டுகளும் இருக்கின்றன.

அப்படியானால் அதிகாரி எந்த எல்லையிலே கைவைக்கவேண்டும்? சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் சபை, ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருத்தலாகாது என்கிறது. சொல்வது சுலபம். ஆனால் ஒரே மீனின் தலைப்பக்கத்துத் துண்டிலே மிகுந்தும் வாற்பக்கத்துத் துண்டிலே அற்பமாகவும் இருக்கக்கூடிய பொருள் இது. ஒரு லொறியிலே முதல் பெட்டி நிரபராதியாகவும் பத்தாம் பெட்டி குற்றவாளியாகவும் இருக்கலாம். ஆதலால் ஐரோப்பிய ஒன்றியத்தார் ஒரு தொகுதியிலிருந்து ஒன்பது மாதிரிகள் எடுக்கிறார்கள். ஒன்பதின் சராசரி 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு மாதிரிகள் 100க்கும் 200க்கும் இடையில் நிற்கலாம், ஒன்றுகூட 200ஐக் கடக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. மூன்று கூறாக்கிய பழைய தராசு மீனுக்குப் போதாமற் போனது இப்படித்தான். எடுத்த மாதிரியும் உடனே உறையவைக்கப்பட்டாலொழிய, ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியிலேயே குற்றம் வளர்ந்துகொண்டு போகும். ஒரு குளிர்ப்பெட்டி இல்லையென்றால் மேற்படி அதிகாரமெல்லாம் இருந்தும் பீ.எச்.ஐ. கை கட்டியவர்தான்.

அழுகுவதால் வரும் கேடு ஒருபுறமிருக்க, அழுகாமையால் வரும் கேடும் ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமிழ்நாட்டு எல்லையிலே கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆரியங்காவுச் சோதனைச் சாவடியில், கேரள உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் லொறிகளை மறித்துச் சுமார் 9,600 கிலோ மீனைக் கைப்பற்றினார்கள். "ஆபரேஷன் சாகர் ராணி" என்பது அந்த நடவடிக்கையின் பெயர். மீனிலே போர்மலின் இருந்தது. பிரேதங்களை மருத்துவ மாணவருக்கென்று பாதுகாக்கும் அதே திரவம். அது புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதனால் சதை விறைத்து நிற்கும். மூதாட்டியின் பெருவிரல் ஏமாந்துபோகும். ஈ மாத்திரம் ஏமாறாமல் விலகிப் பறக்கும் என்பார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சில நிமிஷங்களிலே நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் காகிதக் கீற்று ஒன்றை ஆக்கியிருந்தபடியால், வழியோரத்திலேயே சோதனையை நடத்தமுடிந்தது. வாரக்கணக்கிலே காத்திருந்த தராசின் சட்டத்துக்கு மூக்கின் வேகத்தைக் கொடுத்தது அந்தக் கீற்று என்றால் மிகையாகாது.

ஆயினும் இயற்கை இங்கும் ஒரு சிக்கலைப் போட்டுவைத்திருக்கிறது. முன்னே சொன்ன திரைமெதில் அமைன் ஒட்சைட்டு கிருமியின் கைப்பட்டால் நாற்றமாகிறது. வங்கறவாசி முதலிய சில மீன்களிலோ, மீனின் சொந்த நொதியமே அதனைப் பிளந்து, போர்மலினின் மூலப்பொருளான போர்மல்டிகைட்டை உண்டாக்கிவிடுகிறது. உறையவைத்த மீனிலே இது மெதுவாக ஏறிக்கொண்டும் போகும். எனவே போர்மலின் அகப்பட்டது என்ற மாத்திரத்தில் வியாபாரி ஊற்றினார் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. எந்த மீன், எத்தனை நாள், எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் விடை வேண்டும்.

கொழும்பு மக்கள் அண்மைக் காலத்திலே இரண்டு தடவை மீனை ஒரே குரலாக விலக்கினார்கள். 2020 ஒக்டோபரில் பேலியகொடைச் சந்தையிலே கொரோனாத் தொற்றுப் பரவி அது மூடப்பட்டபோது, நோய் தொற்றியது மனிதரிடமிருந்து மனிதருக்கு என்பதை மறந்து, சனங்கள் மீனையே தண்டித்தார்கள். அந்த அச்சத்தைப் போக்க, முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் திலிப் வெதஆராச்சி நவம்பர் மாதம் 17ஆம் திகதி பத்திரிகையாளர் முன்னிலையிலே முழு மீன் ஒன்றைப் பச்சையாகக் கடித்துக் காட்டினார். துணிவை மெச்சலாம், பிரமாணம் என்று ஏற்பதற்கில்லை. ஒருவர் உண்ட ஒரு மீன், அந்த ஒரு மீனைப் பற்றி மாத்திரமே சாட்சி சொல்லும், அதுவும் அன்றைக்கு அவர் முகம் சிவக்கிறதா இல்லையா என்ற அளவிலே. அடுத்த ஆண்டு மே 20ஆம் திகதி, சிங்கப்பூரில் பதிவான எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றிற்று. 1,486 கொள்கலன்களோடு, 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் அதிலே இருந்தன. யூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்க, நீர்கொழும்பு தொடங்கித் தெற்கே சுமார் 80 கிலோமீற்றர் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. இம்முறை சனங்களின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் கப்பலில் இருந்ததைக் கடல் எங்கே வைத்திருக்கிறது, எந்த மீன் எதனை விழுங்கிற்று என்பதை எந்த மூதாட்டியும் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லவொண்ணாது. கடையிலே கிடக்கும் மீனைக் கைப்பற்றலாம்; கடலிலே நீந்தும் மீனைக் கைப்பற்றுவது எப்படி? வலையைத் தடுப்பதே அதற்கிருக்கும் ஒரே வழி.

அந்த வழியை எடுக்கத் தவறிய ஒரு தேசத்தின் கதை மினமாற்றா. யப்பானின் தென்பகுதியிலே அந்த வளைகுடாக் கிராமங்களிற் பூனைகள் பித்துப்பிடித்தாற்போல் ஆடிக் கடலில் விழுந்து செத்தன. பின்பு மனிதருக்குக் கை கால் இழுப்பும், பார்வைக் குறுக்கமும், பேச்சுக் குழறலும் கண்டன. 1956 மே மாதம் 1ஆம் திகதி நோய் உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உள்ளூர்ச் சுகாதார நிலையத்தின் தலைவர் இற்றோ, வளைகுடா மீனை நல்ல பூனைகளுக்கு ஊட்டினார். அவையும் அதே நோயிலே விழுந்தன. வேறென்ன வேண்டும்? குமமோற்றோ மாகாண அரசாங்கம் 1947ஆம் ஆண்டின் உணவுச் சுகாதாரச் சட்டத்தைப் பிரயோகித்து அந்த மீனைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்க எண்ணி, மத்திய சுகாதார அமைச்சின் கருத்தைக் கேட்டது. 1957 செப்ரெம்பர் 11ஆம் திகதி பதில் வந்தது: வளைகுடாவிலுள்ள மீன்கள் யாவும் விஷமுடையன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லையாதலால், சட்டத்தைப் பிரயோகிக்க இயலாது.

இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்குந்தோறும் எனக்குக் கோபமும் வியப்பும் ஒருங்கே எழுவதுண்டு. புகையைக் கண்டு நெருப்பை அறிவது அனுமானம். மலையின் ஒவ்வொரு மரமும் எரிகிறதா என்று எண்ணிப் பார்த்த பின்னரே தண்ணீர் ஊற்றுவேன் என்பவனை எந்தத் தருக்க நூல் ஏற்கும்? எந்த மீன் சந்தையில், எந்தப் பெட்டியைக் கைப்பற்றும்போது, அதிலுள்ள மீன் யாவும் கெட்டவை என்று நிரூபிக்கப்பட்டது? விஷப்பொருள் சேதன இரசம் என்று குமமோற்றோப் பல்கலைக்கழகத்தார் 1959இல் கண்டறிந்தார்கள். சிஸ்ஸோ என்னும் ஆலை, அசற்றல்டிகைட்டு உற்பத்தியின் கழிவாக அதனைக் கடலிலே விட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கம் அதனை ஒப்புக்கொண்ட நாள் 1968 செப்ரெம்பர் 26; அந்த உற்பத்தி அவ்வாண்டு மே மாதத்திலேயே நின்றுபோயிருந்தது. நோயாளரென்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் மாத்திரம் 2,000க்கு மேற்பட்டவர்கள்.

ஆலை ஒன்றும் இல்லாத ஆழ்கடலிலும் இரசம் உண்டு. எரிமலையும், நிலக்கரிப் புகையும், தங்கச் சுரங்கமும் விடும் இரசத்தைக் கிருமிகள் மெதில் இரசமாக்க, அதனைப் பாசி உண்ண, பாசியை இறால் உண்ண, இறாலைச் சிறு மீனும் சிறு மீனைப் பெரு மீனும் உண்ண, படிக்குப் படி அது செறிந்து, உச்சியிலே நீண்ட ஆயுளோடு உலாவும் வாள்மீனின் தசையிலே வந்து தங்குகிறது. நம் பலநாட் படகுகள் இந்து சமுத்திரத்திலே பிடித்து ஏற்றுமதிக்குக் கொண்டுவரும் மீன்களில் வாள்மீனும் ஒன்று. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளி காக்கைதீவில் இருக்கும் நாரா என்ற தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனை அளந்திருக்கிறார்கள். பெரிய வாள்மீன்கள் சில, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய எல்லையைத் தாண்டின. அத்தகைய மீனின் கண் தெளிந்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், அழுத்திய குழி உடனே மேலெழும்.

அமெரிக்காவிலே இந்த எல்லையே வழக்குக்கு வந்தது. உணவு, மருந்து நிர்வாகம் முதலிலே விதித்த எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். புளோரிடாவின் அன்டர்சன் கடலுணவுக் கம்பனி அதற்கு மேற்பட்ட வாள்மீனை விற்றதென்று அரசாங்கம் தொடுத்த வழக்கிலே, இந்த இரசம் இயற்கை இட்டதா, மனிதன் இட்டதா என்ற கேள்வி எழுந்தது. மனிதன் இட்டது ஒரு பகுதியே ஆனாலும் முழுவதையும் சேர்க்கப்பட்ட நச்சாகக் கருதலாம் என்று நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் ஒரு கையையும், மனிதர் உண்ணும் அளவைக் கணக்கிட்டால் 1.0 வரை பாதகமில்லை என்று மீன்காரன் பக்கம் மறு கையையும் நீட்டி, 1978இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் நிர்வாகமும் தன் எல்லையை 1.0 ஆக உயர்த்திக்கொண்டது. ஒரே மீன் ஒரே இரசத்தோடு, முந்திய ஆண்டிலே பறிமுதலுக்குரிய பொருளாகவும் பிந்திய ஆண்டிலே விருந்துக்குரிய பொருளாகவும் ஆயிற்று.

மினமாற்றாவிலே 1950களில் எந்த நாளில் எவ்வளவு விஷம் கடலுக்குப் போயிற்று என்று பிற்காலத்தார் அறிய விரும்பியபோது, அந்தக் காலத்து மீன் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. உண்டதும் போக, அழுகியதும் போயிற்று. ஆனால் குழந்தை பிறந்தால் அதன் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியிலே பெயரும் திகதியும் எழுதிப் பாதுகாப்பது யப்பானியத் தாய்மாரின் வழக்கம்; தாயத்துக்குள் வைத்துக் கட்டும் நம்மவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆய்வாளர்களான நிஷிகாகியும் ஹராடாவும் அந்த ஊர் வீடுகளிலிருந்து அப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, உள்ளே காய்ந்து கிடந்த கொடிகளிலே மெதில் இரசத்தை அளந்து 1975இல் வெளியிட்டார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளிலே பிறந்த பிள்ளைகளின் கொடியில் இரசமும் ஏறியிருந்தது.